பூண் கட்டிய கண்ணாடி ஜக்கும் வாசனைப் போத்தலும்: யார் செய்தது, எந்தக் காலம்?

உவர்மலை_மாறன்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் ஒரு பழைய வீட்டுத் தளபாடங்களோடு வந்த இரண்டு சாமான்களைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டும் கண்ணாடி, இரண்டுக்கும் உலோகப் பூண். படம் எடுத்தால் முத்திரை பளபளத்துப் போய் ஒன்றும் விழுகுதில்லை. அதனால் கண்ணுக்குத் தெரிகிறதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது மூடி போட்ட ஜக். உயரம் 26 சென்ரிமீற்றர், எடை 1.3 கிலோ. உடம்பு முழுக்க வெட்டு வேலை, அடியில் நட்சத்திர வெட்டு. கழுத்துப் பூண், கைபிடி, பிணைச்சல் மூடி எல்லாம் வெள்ளி நிறம். கைபிடியில் பெருவிரல் படும் இடத்தில் மட்டும் மங்கலான மஞ்சள் தெரியுது. கைபிடிக்குக் கீழே பூணில் ஒரு முக்கோணக் கொடி அடித்திருக்கு. கொடிக்குள் ஆங்கில எழுத்து டபிள்யூவும் எச்சும் போல. பக்கத்தில் நான்கு குட்டிக் கேடயம், ஒவ்வொன்றிலும் பழைய பைபிளில் இருக்கிற மாதிரி வளைந்த எழுத்து. அதற்குக் கீழே 'ஆர்', சின்ன 'டி', பிறகு ஆறு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் 29, மிச்சம் தேய்ந்துவிட்டது. பூண் இலேசாக ஆடுது, ஆட்டினால் வெள்ளைத் தூள் கொட்டுது. ஜக்கின் உள்பக்கம் பால் படர்ந்த மாதிரி மங்கல்.

இரண்டாவது உருண்டை வாசனைப் போத்தல், நிறமில்லாத கண்ணாடி, 9 சென்ரிமீற்றர். உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கூம்பாக வெட்டியிருக்கு. மூடியின் விளிம்பில் நங்கூரம், நடக்கிற சிங்கம், 'எச்' மாதிரி ஒரு எழுத்து, தனிக் கட்டத்தில் 'ஜே ஜி', பிறகு '&', அதற்குப் பிறகு தேய்ந்த ஒன்று.

நகைக் கடையொன்றில் இரண்டும் 1870க்கு முந்திய வெள்ளி என்றார்கள். வீட்டுக்காரர் சொன்னது வேறு: ஜக் கோட்டையில் இருந்த டச்சுக்காரருடையது, போத்தல் நங்கூரம் இருப்பதால் கடற்படையுடையது. எது சரி? இரண்டையும் கழுவலாமா?

பளிங்கு

மாறன், நங்கூரத்தில் தொடங்குவோம், ஏனென்றால் திருமலையில் எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். துறைமுகம் கண் முன்னால் இருக்கும்போது நங்கூரத்தைப் பார்த்தால் கடற்படை நினைவு வருவது இயல்பு. ஆனால் நடக்கிற சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நங்கூரம் பர்மிங்காம் நகரத்தின் மாற்றுப் பார்க்கும் அலுவலகத்துடைய முத்திரை. அந்த ஊரில் கடலே இல்லை. 1773ஆம் ஆண்டுச் சட்டத்தில் பர்மிங்காமுக்கும் ஷெபீல்டுக்கும் ஒன்றாகத்தான் அலுவலகம் கிடைத்தது. அதற்காக ஆட்கள் லண்டனில் கூடிப் பேசிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்', அதிலிருந்துதான் ஒரு ஊர் நங்கூரத்தையும் மற்ற ஊர் கிரீடத்தையும் எடுத்துக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. நடக்கிற சிங்கம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அடையாளம். ஆகவே போத்தலின் மூடி உண்மையான வெள்ளி. கடற்படைச் சாமான் என்று சொல்ல வேண்டுமென்றால் கண்ணாடியில் கப்பலின் பெயரோ, கிரீடத்தோடு சேர்ந்த நங்கூரச் சின்னமோ, அரச உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறியோ செதுக்கியிருக்க வேண்டும். மாற்று முத்திரை அதைச் சொல்லாது.

ஜக்கில் சிங்கம் இல்லை. அதுவே பாதிப் பதில். நான்கு கேடயத்திலும் இருக்கிற வளைந்த எழுத்துகளை இடமிருந்து வலமாக வாசியுங்கள்: ஈ, பி, என், எஸ் என்று வரும். நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம் என்பதன் முதலெழுத்துகள் அவை. வெள்ளி முத்திரை போலத் தோன்றவேண்டும் என்பதற்காகவே தனித்தனிக் கேடயத்தில், கொதிக் எழுத்தில் அடித்தார்கள். தூரத்தில் வைத்துப் பார்த்தால் நகைக்கடைக்காரரும் வருட எழுத்து, அதாவது முத்திரையிட்ட வருடத்தைக் காட்டும் எழுத்து என்றுதான் நினைப்பார். கைபிடியில் தெரிகிற மங்கல் மஞ்சளும் இதோடு ஒத்துப்போகிறது. நிக்கல் வெள்ளியில் வெள்ளியே கிடையாது. செம்பு, நாகம், நிக்கல் மூன்றும் கலந்தது, முலாம் தேய்ந்த இடத்தில் இப்படித்தான் மஞ்சள் சாயலோடு தெரியும். அந்த இடத்தில் செம்பு நிறம் தெரிந்திருந்தால் பழைய ஷெபீல்ட் தகடா, அதாவது செம்பின் மேல் வெள்ளித் தகடு பொருத்தியதா என்று பார்க்க வேண்டும். கருஞ்சாம்பல் நிறமாக, மென்மையாக இருந்தால் அது வெள்ளீயம் பெரும்பங்காக உள்ள பிரித்தானியா உலோகம்.

டச்சுக் கதையை இந்த ஒரு விஷயமே முடித்துவிடுகிறது. டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலை ஆங்கிலேயர் கைக்குப் போனது 1795இல். மின்முலாமுக்கான எல்கிங்டனின் காப்புரிமை 1840இல். இடையில் நாற்பத்தைந்து வருடம்.

கொடி, ஷெபீல்டின் வோக்கர் அன்ட் ஹோல் நிறுவனத்தின் குறி. 1845இல் தொடங்கிய முலாம் வேலை அது. ஒரு எச்சரிக்கை: அதே கொடியை அவர்கள் அசல் வெள்ளியிலும் அடித்தார்கள். அசல் என்றால் கொடியோடு சிங்கமும் ஷெபீல்டின் கிரீடமும் வருட எழுத்தும் சேர்ந்து வரும். கொடியை மட்டும் பார்த்து வெள்ளி என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

இனி அந்த எண். 'ஆர்டி' என்பது வடிவமைப்புப் பதிவு எண். 1884 ஜனவரியில் 1 என்று தொடங்கி ஓடுகிறது. 1890 தொடக்கத்தில் ஏறக்குறைய 1,41,000, 1897 தொடக்கத்தில் 2,91,000, 1898 தொடக்கத்தில் 3,11,000, 1900 தொடக்கத்தில் 3,51,000. ஆறு இலக்கத்தில் முதல் இரண்டு 29 என்றால் 2,90,000க்கும் 2,99,999க்கும் இடைப்பட்டது. 1896இன் கடைசி நாட்களிலிருந்து 1897இன் நடுப்பகுதி வரை. நான்கு இலக்கம் தேய்ந்தும் வருடம் கையில் கிடைத்துவிட்டது.

இதைச் செய்த ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். அது வடிவத்தைப் பதிந்த ஆண்டு, அதற்கு முந்தி இந்த ஜக் இருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. அப்போதைய சட்டத்தில் பதிவுக்குக் காப்பு ஐந்து வருடம். நன்றாக விற்ற வடிவத்தை அதற்குப் பிறகும் அதே அச்சில் அடித்திருப்பார்கள். 'சுமார் 1897 முதல் 1905' என்று எழுதினால் நேர்மையாக இருக்கும்.

எண்ணுக்குப் பதிலாக நான்கு மூலையிலும் எழுத்தோடு ஒரு சாய்சதுரம் இருந்திருந்தால் அது 1842 முதல் 1883 வரையான பதிவுக் குறி. அதன் உச்சியில் வட்டத்துக்குள் இருக்கும் ரோமன் இலக்கம் பொருளின் வகுப்பு. ஒன்று என்றால் உலோகம், மூன்று என்றால் கண்ணாடி. பூண் கட்டிய சாமானில் இந்த இலக்கம் பெரிய உதவி, பதிவு செய்தது பூணின் வடிவத்தையா கண்ணாடியின் வடிவத்தையா என்று அது சொல்லிவிடும். 1867 வரை வருட எழுத்து உச்சியிலும், 1868இலிருந்து வலது மூலையிலும் இருக்கும்.

போத்தலுக்கு இரண்டு கேள்வி. அந்த 'எச்' எழுத்தின் வலது கால் எப்படி முடிகிறது? நேராக இறங்கி அடியில் சின்னக் குறுக்குக் கோட்டில் நிற்கிறதா, அல்லது உள்ளே வளைந்து வால் போலக் கீழே தொங்குகிறதா? இரண்டாவது, அரசியின் தலை எங்காவது இருக்கிறதா? மூடியில் மட்டுமல்ல, கண்ணாடிக் கழுத்தைச் சுற்றியிருக்கிற வளையத்திலும் பாருங்கள்.

கொட்டியாரத்தான்

பளிங்கு சொன்னது உலோகத்தின் கதை. கண்ணாடியைத் தனியாக விசாரிக்க வேணும் தம்பி. பூண் 1897 என்றால் கண்ணாடியும் 1897 என்று அர்த்தமில்லை. கண்ணாடி உடையும், பூண் உடையாது. உடைஞ்ச ஜக்கின் பூணை வேறு கண்ணாடியில் ஏத்துறது அந்தக் காலத்திலேயே நடந்த வேலை.

முதலில் பூணுக்குக் கீழே கழுத்தைப் பாருங்கோ. பூணுக்கென்றே செய்த கண்ணாடியில் வெட்டு வேலை பூணின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒழுங்காக நின்றுவிடும், இல்லாட்டி விளிம்போடு சரியாகப் பொருந்தும். பூண் மறைக்கிற பகுதி வெட்டில்லாமல், சாந்து பிடிக்கிறதுக்காகச் சொரசொரப்பாக விட்டிருக்கும். வெட்டுக் கோலம் பாதியில் பூணுக்குள்ளே போய் மறைஞ்சால் சந்தேகப்படுங்கோ. கண்ணாடிக்கும் பூணுக்கும் இடையில் ஒரு பக்கம் அரை மில்லிமீற்றரும் மற்றப் பக்கம் மூன்று மில்லிமீற்றரும் இடைவெளி என்றாலும் அதே சந்தேகம்தான். மூடியை மூடி மேலிருந்து பாருங்கோ. ஊத்துற மூக்கு, பிணைச்சல், கைபிடி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேணும். பிணைச்சலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் குமிழ் குமிழாக ஈயப் பற்று இருந்தால் பிற்காலத்தில் ஒருவர் கைவைத்திருக்கிறார். நல்ல தொழிலாளி வெள்ளிப் பற்றுத்தான் வைப்பான், அது கோடு கூடத் தெரியாமல் ஓடியிருக்கும்.

அடுத்தது வெட்டு. நகைக்கடைக்காரர் பாவிக்கிற 10 மடங்கு லென்ஸ் ஒன்று வேணும். கையால் வெட்டின கண்ணாடியில் விளிம்பு விரலுக்குக் கூர்மையாகப் படும், இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடம் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இராது, சில இடத்தில் ஒரு மயிரளவு தாண்டி ஓடியிருக்கும். அச்சில் அழுத்தின கண்ணாடியில் விளிம்பு மழுங்கல், உடம்பில் எங்கேயாவது அச்சுப் பொருத்து மெல்லிய மேடாக ஓடும். பிறகு வெட்டுப் பள்ளத்துக்குள்ளே பாருங்கோ. பழைய முறையில் மரச் சில்லாலும் தக்கைச் சில்லாலும் வெள்ளீய ஒட்சைட்டுத் தூள் போட்டு மெருகேத்துவினம், பள்ளத்தின் போக்கிலேயே மிக மெல்லிய கோடுகள் கிடக்கும். அமிலத்தில் தோய்த்து மெருகேத்தினால் கோடே இருக்காது, எல்லாம் ஒரே வழுவழுப்பு, கூர் விளிம்பும் கொஞ்சம் உருகினது போல மழுங்கியிருக்கும். அமில மெருகு பரவினது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். உங்கட ஜக் 1897 வடிவம், அதனால் இரண்டில் எது இருந்தாலும் ஒத்துப்போகும். ஆனால் 1860 என்று விற்க வந்த ஜக்கில் கோடில்லாத வழுவழுப்பைக் கண்டால் விலகிவிடலாம்.

அடியை விளக்குக்கு எதிரே சரிச்சுப் பிடியுங்கோ. நூறு வருடம் மேசையில் இழுபட்ட அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும், நீளமும் குட்டையுமாக, மேசையில் தொடுகிற வட்டத்தில் மட்டும் இருக்கும். நட்சத்திரத்தின் பள்ளத்துக்குள்ளே கீறல் இருக்கக் கூடாது. எல்லாக் கீறலும் ஒரே திசை என்றால் அது மண்தாள் வேலை.

ஈயக் கண்ணாடியா என்று அறிய வெள்ளைக் கடதாசிக்கு மேலே வைத்து விளிம்பு வழியாகப் பாருங்கோ. ஈயக் கண்ணாடி இலேசான சாம்பல் சாயல், சாதாரண சோடாக் கண்ணாடி பச்சைச் சாயல். தட்டிக் கேட்கிற வழக்கம் இதற்குச் சரிவராது. பூண் பிடித்திருக்கிற கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீட்டி ஒலிக்காது. காசுத்தாள் பார்க்கிற 365 நானோமீற்றர் ஊதா டோர்ச் ஒன்றும் கையில் இருக்கட்டும். இருட்டில் பூணின் விளிம்பில் அடித்துப் பாருங்கோ. நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒரு கோடு தெரிஞ்சால் பெரும்பாலும் இக்காலத்துப் பசை, யாரோ ஒட்டியிருக்கினம். பழைய சாந்து அப்படி ஒளிராது.

முத்திரையைப் படம் எடுக்கிறதுக்கும் வழி இருக்கு. பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிட்டு, அறையை இருட்டாக்கி, டோர்ச்சை உலோகத்தோடு படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கோ. லென்ஸைப் போன் கமராவோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தை இடம், வலம், கீழ் என்று மாத்தி மூன்று படம். ஒரு படத்தில் இல்லாத கால் அடுத்ததில் வரும். எண் தேய்ந்த இடத்தில் மெல்லிய கடதாசி வைத்து 2பி பென்சிலால் மெதுவாகத் தேய்த்தும் பார்க்கலாம். கரியும் சுண்ணாம்பும் பூசாதையுங்கோ, பிறகு அதை எடுக்கவே ஒரு தேய்ப்புத் தேவைப்படும்.

உவர்மலை_மாறன்

இருவருக்கும் நன்றி. சொன்ன மாதிரிச் செய்து பார்த்தேன்.

கேடயத்தில் இருப்பது ஈ, பி, என், எஸ் தான். இப்போது பார்த்தால் வேறு எதுவாகவும் வாசிக்க முடியவில்லை. ஜக்கில் வெட்டு பூணுக்கு 4 மில்லிமீற்றர் கீழே நிற்குது, இடைவெளி சுற்றிவர ஒரே அளவு. பள்ளத்துக்குள் மெல்லிய கோடுகள் உண்டு. ஊதா வெளிச்சத்தில் பூணோரம் ஒன்றும் ஒளிரவில்லை.

போத்தலில் 'எச்'சின் கால் நேராக இறங்கிச் சின்னக் குறுக்குக் கோட்டில் நிற்குது, சின்ன எழுத்துத்தான். அரசியின் தலை எங்கும் இல்லை. கழுத்து வளையத்தில் சிங்கமும் அதே 'எச்'சும் 'ஜே ஜி' கட்டமும் இருக்கு, நங்கூரம் இல்லை. படத்தில் தேய்ந்த எழுத்து 'எஸ்' போலத் தெரியுது. வளையத்தில் நங்கூரம் இல்லாதது குறையா?

பளிங்கு

குறை இல்லை, நல்ல செய்தி. கழன்று வரும் பகுதிகள் உள்ள சாமானில் முக்கிய பகுதிக்கு முழு முத்திரையும் மற்றப் பகுதிக்குச் சுருக்கமான முத்திரையும் அடிப்பது வழக்கம். சுருக்கத்தில் ஊர்க் குறியை விட்டுவிடுவார்கள். இரண்டிலும் ஒரே வருட எழுத்து இருப்பதால் மூடியும் வளையமும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவை. எழுத்து வேறாக இருந்திருந்தால் மூடி வேறெங்கோ இருந்து வந்தது என்று கொள்ள வேண்டும். அப்படிக் கலந்தவை சந்தையில் ஏராளம்.

பர்மிங்காமின் வருட எழுத்து சுழற்சியாக வரும். 1875 முதல் 1899 வரை கொதிக் சிறிய எழுத்து, 1900 முதல் 1924 வரை சாதாரண சிறிய எழுத்து, 1925 முதல் 1949 வரை பெரிய எழுத்து. இந்த மூன்று சுழற்சியிலும் ஓர் எழுத்தை விட்டு 25 எழுத்துத்தான். ஆகவே 'எச்' என்று மட்டும் சொன்னால் 1882, 1907, 1932 மூன்றும் சாத்தியம். கால் வளையாமல் குறுக்குக் கோட்டில் நிற்கிற சிறிய எழுத்து என்றால் 1907. அங்கே எழுத்து மாறுவது ஜூலையில், எனவே 1907 நடுப்பகுதி முதல் 1908 நடுப்பகுதி வரை. அரசியின் தலையும் இதையே உறுதி செய்கிறது. அது வெள்ளி வரி கட்டியதற்கான குறி, 1784இல் வந்து 1890இல் எடுபட்டது. 1882ஆக இருந்தால் விக்டோரியாவின் தலை கூடவே இருந்திருக்க வேண்டும்.

'ஜே ஜி & எஸ்' பர்மிங்காமின் ஜோன் கிரின்செல் அன்ட் சன்ஸ். கண்ணாடிக்கு வெள்ளிப் பூண் கட்டுவதிலேயே பேர் எடுத்தவர்கள், ஜக்கிலிருந்து வாசனைப் போத்தல் வரை. முதலெழுத்தை மட்டும் வைத்துச் செய்தவரைத் தீர்மானிக்கக் கூடாது, ஒரே முதலெழுத்தோடு வேறு ஊர்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஊர்க் குறி, வருடம், கட்டத்தின் வடிவம் மூன்றும் ஒத்துவந்தால்தான் பெயர் சொல்லலாம். இங்கே சாமானின் வகையும் சேர்ந்து ஒத்துவருகிறது. உருண்டை உடம்பில் கூம்புக் கூம்பாக வெட்டுவது 1890க்கும் முதலாம் உலகப் போருக்கும் இடையில் நன்றாக ஓடிய பாணி.

இன்னொன்று பாருங்கள். மூடியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி அடைப்பு இருக்கிறதா? இல்லாமல் கழுத்தின் உள்சுவர் சாம்பல் நிறமாக, தேய்த்த கண்ணாடி மாதிரி இருந்தால் அடைப்புத் தொலைந்துவிட்டது. வேறு போத்தலின் அடைப்பைத் திருகிப் பொருத்த முயல வேண்டாம், கழுத்து விண்டுவிடும். ஒவ்வொரு அடைப்பும் அதனதன் கழுத்துக்கென்றே தேய்த்தது. நல்ல பட்டறைகள் மாறிப்போகாமல் இருக்க அடைப்பின் அடியிலும் கழுத்தின் விளிம்பிலும் ஒரே எண்ணைக் கீறி வைத்தன. ஜக்குகளிலும் டிகேன்டர் என்ற மதுக் குடுவைகளிலும் அந்த எண் ஒத்துப்போகிறதா என்று எப்போதும் பாருங்கள்.

நிலாவெளிக்காரி

இடையில் கேட்கிறதுக்கு மன்னிக்கவும் பளிங்கு அண்ணா. உப்பு, மிளகு, எண்ணெய்ப் போத்தல் ஆறு வைக்கிற வெள்ளித் தாங்கி ஒன்று. தாங்கியில் கிரீடம் போட்ட சிறுத்தை முகம், சிங்கம், வலப்பக்கம் பார்க்கிற ராசாவின் தலை, வாசிக்க முடியாத எழுத்து. போத்தல் மூடிகளில் சிங்கம் மட்டும். காலம் சொல்ல முடியுமா?

பளிங்கு

எழுத்து இல்லாமலே நெருங்கலாம் தங்கச்சி. சிறுத்தை முகம் லண்டன். அதன் கிரீடம் 1821இல் போய்விட்டது, எனவே அதற்கு முந்தியது. தலை 1784க்குப் பிந்தியது. முதல் இரண்டு வருடம் தலை பள்ளமாக, இடப்பக்கம் பார்க்கும். வலப்பக்கம் பார்ப்பது 1786 முதல். ஆக 1786க்கும் 1821க்கும் இடையில். சின்ன மூடிகளில் சிங்கம் மட்டும் இருப்பது வழமைதான். போத்தல்களைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஆறும் உடையாமல் இருநூறு வருடம் தப்புவது அரிது. அடிகளைத் தடவுங்கள். செய்யும்போது அடியில் பிடித்திருந்த இரும்புக் கம்பியை முறித்த தழும்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கிய வட்டப் பள்ளம் இருந்தால் பழையது. அச்சுப் பொருத்துக் கோடு இருந்தால் பிற்காலத்தில் வாங்கி வைத்தது. வளையத்துக்குள் போத்தல் இலகுவாக இறங்கி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டுமே அசைய வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது, அதில் 1815 மார்ச் 2 ஒரு எல்லைத் திகதி. உங்கள் தாங்கி அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விழக்கூடிய வயது.

கொட்டியாரத்தான்

மாறன் கழுவுறதைப் பற்றிக் கேட்டிருந்தார், அதுதான் இப்ப அவசரம். ஜக்கைத் தண்ணிக்குள்ளே போடாதையுங்கோ.

கொட்டுற வெள்ளைத் தூள் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ். பூணைக் கண்ணாடியில் பிடித்து வைத்திருக்கிறது அதுதான். அது தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வாடைக் காலத்தில் கடலோர வீட்டில் ஈரமும் உப்பும் பூணுக்குள்ளே ஏறி இறங்கும், வருடக் கணக்கில் சாந்து மாவாகிவிடும். அந்த ஈரம் நிக்கல் வெள்ளியின் செம்பையும் தின்னும், பூணின் விளிம்பில் பச்சைக் களிம்பு கண்டால் காரணம் அதுதான்.

வெள்ளிச் சாமான் கழுவுற திராவகத்தில் தோய்க்கவும் கூடாது. அது சாந்துக்குள்ளே இறங்கினால் வெளியே வராது. வீட்டில் குத்துவிளக்கு மினுக்குற மாதிரித் திருநீறும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம். கட்டி வெள்ளிக்குத் திருநீறு தாங்கும். முலாம் தலைமயிரின் தடிப்புக் கூட இல்லை, ஒவ்வொரு மினுக்கலிலும் கொஞ்சம் போகும். கைபிடியில் மஞ்சள் தெரிகிறது அப்படித் தேய்ந்துதான். மென்மையான பருத்தித் துணி, சொட்டுச் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் பிழிந்து துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒத்தி எடுத்தால் போதும். சுடுதண்ணி ஊத்தாதையுங்கோ. சூட்டில் நிக்கல் வெள்ளி விரிகிற அளவு ஈயக் கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்போது விண்டுபோறது கண்ணாடிதான்.

உள்ளே இருக்கிற பால் மங்கலுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிபாதி. ஊசியில்லாத சிரிஞ்சில் ரப்பர்க் குழாய் மாட்டி, பூணுக்கு இரண்டு விரல் கீழே நிற்கிற அளவுக்கு விடுங்கோ. ஒரு இரவு. காலையில் அதே குழாயால் உறிஞ்சி எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசுங்கோ. மங்கல் போனால் அது தண்ணியின் சுண்ணாம்பு. நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிபட்டிருக்கு, வினாகிரிக்குப் போகாது, அதோடு விட்டுவிடுங்கோ. மண்ணோ ஈயக் குண்டோ போட்டுக் குலுக்குறதை ஒருவர் சொன்னாலும் கேட்காதையுங்கோ. ஈயக் கண்ணாடி மெத்தென்றது, கீறிவிடும்.

பூணைத் திரும்ப இருத்துறது. பூண் தானாகக் கழன்று வந்தால் மட்டும் செய்யுங்கோ, இழுத்துக் கழற்றாதையுங்கோ. மாவான சாந்தை மூங்கில் ஈர்க்கால் கிண்டி எடுங்கோ, உலோகக் கருவி வேண்டாம். கண்ணாடியையும் பூணின் உள்பக்கத்தையும் துடைத்துக் காயவிட்டு, முதலில் சாந்து இல்லாமல் இருத்திப் பார்த்து, மூக்கும் கைபிடியும் நேர்கோட்டில் நிற்கிற இடத்தைக் கண்ணாடியில் சின்ன நாடாத் துண்டால் குறியுங்கோ. சாந்து இறுகத் தொடங்கினால் திருப்ப நேரம் கிடைக்காது. 6 மில்லிலீற்றர் தண்ணிக்கு 10 கிராம் தூள். தண்ணிக்குள்ளே தூளைத் தூவ வேணும். தூளுக்குள்ளே தண்ணி விட்டால் கட்டியாகும், உள்ளே காற்றும் அடைபடும். கழுத்தை ஈரப் பஞ்சால் ஒருமுறை தடவிவிட்டுச் சாந்தை மெல்லிய படையாகப் பூசுங்கோ. காய்ந்த சொரசொரப்பில் வைத்தால் கண்ணாடி தண்ணியை இழுக்காது, ஆனால் மிச்சமிருக்கிற பழைய சாந்து இழுக்கும், புதுசு பிடிக்காது. இருத்தி, பிதுங்கினதை ஐந்து நிமிடத்துக்குள்ளே ஈரப் பஞ்சால் எடுத்துவிடுங்கோ. கெட்டியான பிறகு சுரண்டினால் முலாம் போகும்.

இறுகும் வரை பிடிக்கப் பருத்தி நாடா கட்டுங்கோ. ரப்பர் பான்ட் மட்டும் போடாதையுங்கோ, அதில் இருக்கிற கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு விழுத்தும், ஒரு இரவு போதும். இரண்டு நாள் மூடியைத் திறக்காமல் நிமிர்த்தி வைத்திருங்கோ. எபொக்சியும் சுப்பர் குளூவும் ஏன் வேண்டாம் என்றால், அடுத்த முறை கழற்றவே முடியாது. சாந்து வலுவில்லாததுதான், அந்த வலுவின்மைதான் கண்ணாடியைக் காப்பாத்துறது. இழுபட்டால் சாந்து உடையும், கழுத்து தப்பும்.

உவர்மலை_மாறன்

கீழிருந்து வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் மூன்றாவது இலக்கமும் வந்துவிட்டது. 299. கொடிக்குள் டபிள்யூ, '&', எச் எல்லாம் தெளிவு. போத்தலின் கழுத்துக்குள் சாம்பல் நிறம்தான், அடைப்பு இல்லை.

பளிங்கு

299 என்றால் 1897இன் நடுப்பகுதியை ஒட்டிப் பதிந்தது. கடதாசித் துண்டொன்றில் இப்படிப் பென்சிலால் எழுதி ஜக்கோடு வையுங்கள்: வோக்கர் அன்ட் ஹோல், ஷெபீல்ட், நிக்கல் வெள்ளியில் மின்முலாம், பதிவு 299 என்று தொடங்கும் ஆறு இலக்கம், 1897 அல்லது சற்றுப் பின், கண்ணாடி பூணோடு சேர்ந்தது, சில்லில் மெருகேற்றிய வெட்டு. போத்தலுக்கு: ஜோன் கிரின்செல் அன்ட் சன்ஸ், பர்மிங்காம், 1907–08, வெள்ளி, உள் அடைப்பு இல்லை. துண்டை உள்ளே போடுங்கள், மேலே ஒட்ட வேண்டாம். ஒட்டுத்தாளின் பசை முலாமில் தடம் விட்டுப்போகும்.